டியூபின் பின்பக்கம்

மூட்டையின் வாயைப் பிரிக்கும்போது சென்னியப்பன் மூச்சை அடக்கிக்கொள்வான். துண்டை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாலும் அந்த வெள்ளைப் பொடி எப்படியாவது உள்ளே புகுந்துவிடும். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பதினோரு வருஷமாக அவன் பெயிண்டர். வெள்ளை பெயிண்டைப் பட்டறையிலேயே கலக்குவார்கள். பொடியைக் கொட்டிக் கட்டி தட்டாமல் கலக்கி முடிக்கிற நாளில் எச்சில்கூட வெள்ளையாக வரும். மூட்டையின்மேல் 'டைட்டானியம் டை ஆக்சைடு' என்று ஆங்கிலத்தில் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் முகமூடி அணிந்த ஒரு தலையின் படமும் இருக்கும். லாரிக்குப் பேரும் கடைகளுக்கு போர்டும் எழுதுகிற கை என்பதால் எந்த எழுத்தையும் நின்று படிக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு.

ஒரு நாள் மாலை அதே பெயரை மனைவி ரஞ்சனியின் கையிலிருந்த க்ரீம் டியூபின் பின்பக்கத்தில் படித்தான்.

ரஞ்சனிக்கு ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையின் களத்தில் வேலை. காலை எட்டு மணியிலிருந்து ஈர மாவை சிமெண்டுத் தரையில் பரப்பி, காயக் காயத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் மேலிருந்து ஒரு தரம் சுடும். வெள்ளை மாவில் பட்டுக் கீழேயிருந்து இன்னொரு தரம் சுடும். தலையில் முக்காடு போட்டாலும் தாடைக்கடியில் சூடு ஏறிவிடும். இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு படர்ந்துவிட்டது.

பார்க்கப் பொறுக்காமல் சென்னியப்பன்தான் மாரியம்மன் பண்டிகைக் கடையில் ஒரு டப்பா க்ரீம் வாங்கி வந்தான். 'வெயில் அண்டாது, ஏழே நாளில் பளபளப்பு' என்று மேலே போட்டிருந்தது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். வாயில் நுழையாத மருந்துப் பெயர் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் கெட்டது எதுவும் கலக்கவில்லை என்று நிம்மதியாக வாங்கினான்.

ராத்திரி ராத்திரி பூசியதில் பத்து நாள் முகம் வெளுத்தது. அப்புறம் சிவந்து தடித்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா டப்பாவைக் குப்பையில் போடச் சொல்லி, ஒரு மாதம் மருந்து கொடுத்தார். "இனிமே சன்ஸ்க்ரீன் பூசாம களத்துல நிக்காதம்மா. இன்னொரு தரம் வெந்துச்சுன்னா இந்த மங்கு போகவே போகாது" என்று இந்த டியூபை எழுதிக் கொடுத்திருந்தார்.

"இதைப் பூசாத புள்ள. இது நாங்க லாரிக்கு அடிக்கற சாமான்."

"டாக்டரம்மா எழுதிக் குடுத்ததுங்க."

"அவுங்க என்னிக்காவது லாரிக்குப் பெயிண்ட் அடிச்சிருக்காங்களா?"

"ஆமாமா. நீங்க பாத்துப் பாத்து வாங்கியாந்ததுதான் தேனாட்டம் இருந்துச்சு."

அவன் டியூபை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டான். மறுநாள் அவள் துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு களத்துக்குப் போனாள். அவன் டியூபைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனான். பெயிண்ட் அப்பிய விரல்களை மடக்கிக்கொண்டு கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றான். கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற சரிதா, "என்னங்கண்ணா?" என்று கேட்ட பிறகுதான் டியூபை எடுத்து அந்தப் பெயரைக் காட்டினான்.

"அம்மணி, இது பெயிண்ட்ல போடறதுங்களே?"

"ஆமாங்கண்ணா. எதுக்குப் போடறீங்க?"

"வெள்ளை நிக்கோணும். வெயிலுக்கு மங்கக் கூடாது."

"இங்கயும் அதுக்குத்தானுங்க, வெயிலத் தடுக்கறதுக்கு. பொடியா மூச்சுல இழுத்தாத்தான் கெடுதல். க்ரீமுல இருந்தா தோலுக்கு மேலயே நின்னுக்கும். கூடவே ஜிங்க் ஆக்சைடு போட்டிருக்குது பாருங்க, அது கொழந்தைக்குப் பூசற மருந்துலயே இருக்குது. ஸ்ப்ரே மட்டும் வேண்டாமுங்க, மூச்சுல போயிரும்." அவள் டியூபைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "எஸ்.பி.எஃப்.ங்கற நம்பர் முப்பதுக்குக் கொறையக் கூடாது. பி.ஏ.ன்னு போட்டிருக்கும், அதுக்குப் பக்கத்துல மூணு கூட்டல் குறி இருக்கோணும். வாசனை சேர்க்காததா இருந்தா நல்லது. லைசென்ஸ் நம்பரும் தேதியும் பாத்துக்கோங்க."

"முன்ன வாங்குன டப்பாவுல ஒரு பேருமே இல்லைங்க. அதுதான் நல்லதுன்னு..."

"எழுதி வெச்சவன்கிட்டச் சண்டைக்காவது போலாமுங்கண்ணா. எழுதாதவன எங்க தேடுவீங்க? பாதரசம்கூடக் கலந்திருப்பான்." டியூபை நீட்டியவள், "நீங்க மாஸ்க் போட்டுத்தான கலக்கறீங்க?" என்றாள்.

சென்னியப்பன் தோளில் கிடந்த துண்டைத் தொட்டுக்கொண்டான்.

அடுத்த நாள் காலை அவனே பூசிவிட்டான். நெற்றியில், மூக்கில், கன்னங்களில் பொட்டுப் பொட்டாக வைத்து, கோடு விழாமல் ஒரே சீராக இழுத்தான்.

"பேயாட்டம் இருக்கறனுங்க."

"லாரியாட்டம் இருக்கற. புது லாரி."

"பின்னால சவுண்ட் ஹார்ன்னு எழுதீராதீங்க, சாமி!"

சிரிப்பில் அவள் கன்னம் குலுங்கியது. "ஆடாம நில்லு" என்று காதுக்குப் பின்னாலும் தேய்த்துவிட்டான். மத்தியானம் மறுபடி பூசிக்கொள்ள டியூபை அவள் சோற்றுப் பையில் வைத்தான்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஆலைக்கே போனான். கேட்டைத் தாண்டி வந்த ரஞ்சனி முக்காட்டை முகத்தில் பாதிவரை இழுத்துவிட்டிருந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"எரிஞ்சுதா?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

காதுக்குப் பின்னால் மட்டும் வெள்ளைத் தீற்றல் அப்படியே இருந்தது. அவன் கன்னத்தைத் தொடப்போனான். அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

கூட வந்த அங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "எங்க இருந்துச்சு? உள்ள கால் வெக்கறதுக்குள்ள மேஸ்திரி கொழாய்ல கழுவச் சொல்லிட்டான். மாவுல வாசனை ஏறுனா லோடு திரும்பீருமாம். இதுக்கு வாசனையே இல்லீங்கன்னா கேட்டாத்தான? போர்டைப் பாருங்கறான்."

"சும்மா வாக்கா" என்றாள் ரஞ்சனி.

சென்னியப்பன் கேட்டுப் பக்கம் திரும்பினான். 'களத்தில் வேலை செய்வோர் முகத்தில் பவுடர், க்ரீம் பூசி வரக் கூடாது.' போன ஆயுதபூஜைக்கு முன்னால் ஆலை முதலாளி கேட்டதற்கு அவனே எழுதிக் கொடுத்து மறந்துபோனது. நீலத்தின்மேல் வெள்ளை. எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று அந்த வெள்ளைப் பொடியைக் கொஞ்சம் கூடவே போட்டுக் கலக்கியிருந்தான்.

"போலாமுங்க." ரஞ்சனி வண்டியில் ஏறி அவன் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். சட்டைக்கு மேலேயே சுட்டது.

அவனுக்கு வண்டியைக் கிளப்பத் தோன்றவில்லை. ஒரு வருஷ வெயிலில் போர்டின் நீலம் வெளிறி, ஓரமெல்லாம் உரிந்திருந்தது. வெள்ளை எழுத்து மட்டும் எழுதின அன்றைக்குப் போலவே பளிச்சென்று இருந்தது.