பிறந்த வீட்டுக் கோடி

பெரிய மாமா இந்த முறையும் வள்ளியின் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். நேற்று மாரடைப்பில் போன அம்மா கனகலட்சுமி கூடத்தில் ஐஸ் பெட்டியில் கிடந்தாள். பெரியப்பா சேதுபதி பந்தலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மணி மூணாச்சு. சாயல்குடியில இருந்து ஒருத்தனும் வரமாட்டான். பொறந்த வீட்டுக் கோடி இல்லன்னா இல்லாமத் தூக்க வேண்டியதுதான்.”

அம்மா காதல் கல்யாணம் செய்ததற்கு முப்பது வருடம் ஒதுக்கி வைத்தார்கள், சரி. செத்தவளுக்கு ஒரு சேலை எடுத்துவரக்கூடவா மனசு வராது? கூடப்பிறந்தவன் கோடி போடாமல், நாதியற்றவளாக அவளை அனுப்ப வள்ளிக்குச் சம்மதமில்லை.

வள்ளியைப் பெற்ற அய்யா முத்துராமலிங்கம் காலையிலிருந்து சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார்.

கல்லூரி விருந்தினர் விடுதியில் அம்மாவோடு வேலை பார்த்த ஃபஸீலா மூச்சிரைக்க வந்தாள். “வள்ளி, தெருமுனை டிரான்ஸ்பார்மர்கிட்ட நம்ம ஜீவிதன் சார் தட்டோட வெயில்ல நிக்கிறாரு. ஒரு மணி நேரமா அங்கனதான் நிக்கிறாராம். கூப்பிட்டா வரமாட்டேங்கிறாரு.”

வள்ளிக்குச் சட்டென்று விளங்கியது.

ஜீவிதன் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து நார்வேயில் வளர்ந்தவன். இந்தப் பக்கத்துச் சாவுச் சடங்குகளை ஆராய ஒரு வருட ஃபெல்லோஷிப்பில் கல்லூரிக்கு வந்திருந்தான். பத்தொன்பது வருடமாக எத்தனையோ ஊர் ஆய்வாளர்களுக்கு அம்மா சமைத்துப் போட்டிருக்கிறாள். அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டவன் இவன் ஒருத்தன்தான். வருகிறவர்களை ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்து விடும் அய்யாவுக்கோ, அவன் எவ்வளவு கெஞ்சியும், எல்லோரையும் போல அவனும் ‘சார்’தான்.

ஒருநாள் அம்மா தோசை வார்த்துக்கொண்டே கோடி போடுவதைப் பற்றிச் சொன்னாள். “எனக்கு எவன் கொண்டாரப் போறான்? நீதான் தம்பி கொண்டாரணும்” என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

“ஆராய்ச்சிக்கு வந்த பய கோடி போடுறதா? ஊரு சிரிக்காது?” என்றார் பெரியப்பா.

“நல்லாச் சிரிக்கட்டும். அக்கா அக்கான்னு அவருதான பெரியப்பா வந்துருக்காரு, மத்தவங்க எங்க?” வள்ளி கொட்டுக்காரர்கள் பக்கம் திரும்பினாள். “அண்ணே, எந்திரிங்க. போயி கோடி அழைச்சிட்டு வருவோம்.”

கொட்டுக்கு முன்னால் அவளே நடந்தாள்.

ஜீவிதனின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தட்டில் அரக்குச் சேலை, மஞ்சள், குங்குமம், பூ. எதுவும் விட்டுப்போகவில்லை.

“ஏன் இங்கனயே நின்னுட்டீங்க?”

“கொட்டோட வந்து கூப்பிடாமல் பிறந்த வீட்டாக்கள் உள்ளுக்கு வரக்கூடாது எண்டு அக்கா சொன்னவ.”

கொட்டு முழங்க அவனை அழைத்து வந்தார்கள். பந்தலில் இருந்த சனம் விலகி வழிவிட்டது. எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள்.

அய்யா சுவரைப் பிடித்து எழுந்தார். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, தன் வயதில் பாதிகூட இல்லாதவனுக்கு எதிரே வந்து கைகூப்பினார்.

“வாங்க மச்சான்” என்றார்.

ஜீவிதன் தட்டை நீட்டினான். வள்ளி ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு, சேலையில் ஒட்டியிருந்த கடைச் சீட்டை மெல்லப் பிய்த்தாள்.