சூரைக் குழம்பும் ஒரு மாத்திரையும்

1

இந்தக் கதை போன வாரம் மீன் கடையில் கிடைத்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சூரை மீனைத் தொடவே மறுத்தார். ஏனென்று கேட்டேன். "டிபி மாத்திர துன்றேன் சார்" என்றார். வேறு மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மாமல்லபுரத்துக் கடற்கரையில் அலைகள்...' வேண்டாம். நமக்கு இருமல்தான் முக்கியம்.

2

1977 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகிற காத்தவராயன் இருமினால் ரத்தம் வந்தது. மனைவி செங்கம்மாள் அவனைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். (அது நானே கட்டிய ஆஸ்பத்திரி, போய்த் தேடாதீர்கள்.) டாக்டர் வசுமதி ஊசியும் மாத்திரையும் எழுதினார். ஒரே மருந்தென்றால் கிருமி பழகிக்கொள்ளும், அதனால்தான் இரண்டு என்றார். இருமல் நின்றாலும் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும் என்றார். "நல்லா மீன் சாப்பிடுங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

செங்கம்மாள் சூரை ஆக்கினாள். சிவந்த சதை, ரத்தம் ஊறும் என்று குப்பத்தில் நம்பிக்கை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் காத்தவராயனுக்கு முகம் சிவந்தது, தலை இடித்தது, நெஞ்சு படபடத்தது. அடுத்த முறை ஆக்கியபோதும் அப்படியே.

"இன்னா மருந்து இது? வெசம்! இனிமே தொடமாட்டேன்."

செங்கம்மாளுக்குத் தெரியும். மாத்திரையை விட்டால் மனுஷன் போய்விடுவான். "வெசமா? இந்தா பாரு" என்று அவளே ஒன்றை விழுங்கிவிட்டு, அதே குழம்பைச் சாப்பிட்டாள்.

அவள் முகமும் சிவந்தது.

(இங்கே பேனாவை வைத்துவிட்டேன். பாவம், அவளை மாட்டிவிட்டது நான்தானே?)

3

இருவரும் மறுபடி செங்கல்பட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார்கள். "தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார் டாக்டர்.

செங்கம்மாள் யோசித்தாள். "இல்லம்மா. சூரை ஆக்குன அன்னிக்கி மட்டுந்தான்."

டாக்டர் மருந்துச் சீட்டை வாங்கித் திரும்பப் பார்த்தார். "மீன் சாப்பிடச் சொன்னேன், எந்த மீன்னு சொல்லல. சூரைக்கும் இந்த மாத்திரைக்கும் ஆகாது போலிருக்கு. சூரைய விடுங்க, மாத்திரைய விடாதீங்க."

"அன்னிக்கி துன்னுன்னீங்க, இன்னிக்கி வாணான்றீங்க. எத்த நம்பறது?" என்றான் காத்தவராயன்.

4

முடிவு ஒன்று: அவன் மாத்திரையைக் கடலில் வீசிவிட்டு... எழுத மனம் வரவில்லை. முடிவு இரண்டு: அவன் தேறி, மீன் கடையில் என் முன்னால் நிற்கிறான். ஆனால் தேறியவன் இத்தனை வருஷம் கழித்தும் மாத்திரை சாப்பிடுவானா? மீன் பிடிக்கிறவன் கடையிலா மீன் வாங்குவான்? நீங்களே சிரிப்பீர்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று வீட்டில் கீரைக் குழம்பு. செங்கம்மாள் மாத்திரையை நீட்டுகிறாள்.

"நீ துன்னு காட்டு" என்கிறான்.

"போன தபா நான் துன்னேன்யா. இந்த தபா நீ துன்னு. நான் பாத்துகினு கீறேன்."

அவன் அவள் முகத்தையே பார்க்கிறான். தண்ணீர்ச் சொம்பு அவள் கையில் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் எழுந்து போகிறேன். நீங்கள் இருந்து பாருங்கள்.