ஓட்டை போட்ட ஃபோன்

என் வேலை ஓட்டை போடுவது. ஒரு நாளைக்கு எண்பது பழைய ஃபோன். ஸ்கிரீனைத் தூக்கி, பேட்டரியைக் கழற்றி மணல் வாளியில் போட்டுவிட்டு, மிச்சத்தில் ட்ரில்லை இறக்க வேண்டும். ஓட்டையைப் படம் எடுத்து, ஃபோனின் நம்பரோடு ஏற்றினால் அந்த ஃபோன் செத்ததாகக் கணக்கு. கொடுத்தவருக்குப் புது ஃபோன் விலையில் தள்ளுபடி போய்ச் சேரும். இதற்குப் பெயர் பசுமைத் திட்டமாம். என் வாயைக் கிளறாதீர்கள்.

இதற்கு முன் பதினோரு வருஷம் ரிப்பேர் கடையில் இருந்தவள் நான். கூடையில் வந்து விழுவதில் பாதி ஃபோன், பட்டனை அழுத்தினால் பளிச்சென்று எரியும். அதையெல்லாம் கொல்லச் சொன்னால் வயிறு எரியாதா? சேர்ந்த முதல் வாரமே மேனேஜரிடம் போய் நின்றேன். தினமும் பச்சைச் சட்டையில் வருவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சைக்கிளி.

"சார், வேற ஃபோனோட படத்துல இதோட நம்பரை மாத்தி ஏத்திட்டேன். இந்த ஃபோன் இன்னும் முழுசா இருக்கு, நல்லா ஓடுது. கொடுத்தவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடலாமே?"

"ஏத்தினா ஏத்தினதுதாம்மா. அந்தக் கடவுளே வந்தாலும் மாத்த முடியாது. நீ ஓட்டையைப் போடு."

போட்டேன்.

என் தங்கை வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளுக்கு எடை பார்ப்பவள். எடையை ஒரு ஆப்பில் ஏற்ற வேண்டும். போன வாரம் அந்த ஆப், 'இந்த ஃபோனில் இனி இயங்காது' என்று சொல்லிவிட்டது. மூன்று வருஷம் கூட ஆகாத ஃபோன்! சார்ஜ் போடும் இடம் ஆடுகிறது என்று ஒரு தடவை நான்தான் மாற்றிக் கொடுத்தேன். மற்றபடி ஒரு கீறல் கிடையாது. திங்கட்கிழமைக்குள் புது ஃபோன் இல்லாவிட்டால் வேலைப் பட்டியலில் அவள் பெயர் இருக்காது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். தள்ளுபடி இல்லாமல் அவளால் புது ஃபோன் வாங்க முடியாது. பழையதில் ஓட்டை விழாமல் தள்ளுபடி வராது. எவன் யோசித்த யோசனையோ, அவன் நன்றாக இருப்பானா?

வெள்ளிக்கிழமை காலை அவளே கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"அக்கா, நீயே போட்டுடு. வேற யார் கையிலயும் போக வேணாம்."

"இதுல என்னடி கோளாறு?"

"ஃபோன்ல ஒண்ணுமில்லக்கா. எனக்கு வேலை வேணும், அவ்ளோதான்."

சிம்மை எடுத்துக்கொண்டு ஃபோன் கடைக்குப் போய்விட்டாள். தள்ளுபடி அங்கேதான் வரும்.

அன்றைக்குப் பார்த்துப் பெரிய இடத்து ஆட்கள் ஆறு பேர், தலையில் வெள்ளைத் தொப்பியோடு வந்தார்கள். பச்சைக்கிளிக்குத் தரையில் கால் பாவவில்லை. "ஒரு கிராம் குப்பைகூட மண்ணுக்குப் போகாது சார். அதோட ஏழைப் பெண்களுக்கு வேலை" என்று அளந்துகொண்டே என் மேசைக்கு வந்தார். "இவங்க எங்க டிஜிட்டல் வீராங்கனை! நம்மோட பத்தாயிரமாவது ஃபோனுக்கு இப்போ உங்க முன்னால ஓட்டை போடுவாங்க."

வீராங்கனையாம். கையுறை கேட்டு நாலு மாதம் ஆகிறது, அதைக் கொடுக்க வக்கில்லை.

என் கையில் இருந்தது தங்கையின் ஃபோன். ஸ்கிரீனைத் தூக்கினேன், பேட்டரியை எடுத்தேன். நடுப் போர்டில்தான் இறக்க வேண்டும். கை வரவில்லை. ஃபோனைக் கொஞ்சம் நகர்த்தி, அடிமூலையில் ஸ்பீக்கர் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் ட்ரில்லை இறக்கினேன். அங்கே ஓட்டை விழுந்தால் சத்தமாகப் பாட்டுக் கேட்க முடியாது. வேறு ஒரு குறையும் வராது. பதினோரு வருஷம் சும்மா போகவில்லை.

படம் எடுத்தேன், ஏற்றினேன். சுவரில் இருந்த டிவியில் பச்சை இலை விரிந்து 'தள்ளுபடி அனுப்பப்பட்டது' என்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர்கள் ஜூஸ் குடித்து முடிப்பதற்குள் பேட்டரியையும் ஸ்கிரீனையும் திருப்பிப் பொருத்தி, என் சிம்மைப் போட்டு, பச்சைக்கிளியின் நம்பரை அழுத்தினேன்.

அவர் சட்டைப் பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஓட்டை போட்ட ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"எடுங்க சார். செத்த ஃபோன் கூப்பிடுது."

வந்தவர்களில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் ஃபோனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தாம்மா இருக்கு. இந்தக் கூடையில பாதி இப்படித்தான். அந்தப் பத்தாயிரத்துலயும் பாதி இப்படித்தான். நல்லா இருக்கிறதைக் கொன்னுட்டு, குப்பையைக் குறைச்சோம்னு கைதட்டுறீங்களே, உங்களுக்கே இது நியாயமா படுதா?"

பச்சைக்கிளி என் பக்கம் குனிந்து பல்லைக் கடித்தார். "மரியாதையா அதை கேன்சல் பண்ணு."

"ஏத்தினா ஏத்தினதுதான் சார்."

ட்ரில்லை வைத்துவிட்டு வெளியே போகச் சொன்னார். இனிமேல் வரவும் வேண்டாமாம். போய்யா நீயும் உன் பசுமையும் என்று மனசுக்குள் அல்ல, வாய்விட்டே சொல்லிவிட்டு, தங்கையின் ஃபோனை அந்த அம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

அரை மணி நேரம் கழித்துத் தெருவில் நின்று தங்கையைக் கூப்பிட்டேன்.

"வந்துடுச்சுக்கா! வாங்கிட்டேன். ரெண்டு வருஷம் தவணை. ஆப் ஓடுது, திங்கட்கிழமை வேலைக்குப் போயிடுவேன். புது ஃபோன்ல முதல் கால் உன்னோடதுதான்."

"நல்லது."

"குரல் கணீர்னு கேக்குதே, எதுலேர்ந்து பேசுற?"

"உன்னோட பழசுலேர்ந்துதான்டி."



"ஓட்டை விழுந்ததே இப்படிப் பேசுதுன்னா, நான் எதுக்குக்கா இதை வாங்கினேன்?"