எண்ணூறு மில்லிமீட்டர்

அடையாறு ஆற்றுக்கு இனிமேல் பாரிஜாத நகரில் ஒரு வேலையும் இல்லை என்று கேஷவ் அறிவித்தபோது அவன் கையில் மெதுவடை இருந்தது. முடிச்சூரை ஒட்டிய பாரிஜாத நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஐப்பசி மாதக் கூட்டம் அது. மழைநீர் வடிகால் எப்போது வரும் என்று கேட்டு மனு கொடுப்பதா, போன வருடம் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று கேட்டு மனு கொடுப்பதா என்று ஆரோக்கியமான விவாதம் நடந்துகொண்டிருந்தது. கேஷவ் வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தான்.

"எதுக்கு சார் இவ்ளோ டென்ஷன்? எண்ணூறு மில்லிமீட்டர். அவ்ளோ தண்ணியில என் வண்டி நிக்காம போகும். ரெண்டாயிரத்துப் பதினஞ்சை விட்டுடுங்க, அது கணக்குலயே வராது. மத்த வருஷமெல்லாம் தொடையைத் தாண்டி வந்திருக்கா? இனிமே யாரும் மொட்டை மாடியில நின்னு போட்டுக்குக் கை காட்ட வேண்டாம். எனக்கு ஒரு போன் அடிச்சா போதும்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்துச் சொல்லும் டாக்டரின் முகம். செயலாளர் அதை மினிட்ஸில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். எழுதிக்கொள்ளலாம் என்றான் கேஷவ்.

வண்டி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏழு பேர் உட்காரலாம். லாரிக்கு இருப்பதைப் போல அடியில் இரண்டு நெடிய இரும்புச் சட்டங்கள், அதன்மேல் தனியாகத் தூக்கி வைத்த உடம்பு. ஒரு நெம்புகோலைத் தள்ளினால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். இன்னொரு முறை தள்ளினால் வேகம் ஆள் நடக்கும் வேகத்துக்கு இறங்கி, அந்த வேகமெல்லாம் பலமாக மாறிச் சக்கரத்துக்கு வந்து சேரும். ஒரு சக்கரம் சேற்றில் வீணாகச் சுற்றினால் அதைப் பூட்டிவிட்டு மற்றதற்குப் பலத்தைக் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. பாறை, மணல், பனி என்று மூன்று நிலத்துக்கும் தனித்தனிப் பொத்தான்கள் இருந்தன. பனிக்கான பொத்தானை மட்டும் கேஷவ் இன்னும் அமுக்கவில்லை. அதற்கான காலம் முடிச்சூரில் வரவில்லை.

அவன் மனைவி விஷ்ணுப்ரியாவுக்கு வண்டியைப் பற்றி வேறு அபிப்பிராயம். "ஏறணும்னா ஏணி, திருப்பணும்னா மைதானம்" என்பாள். வண்டியைத் தெருவில் திருப்ப முன்னும் பின்னுமாக ஐந்தாறு தடவை போய்வர வேண்டியிருந்தது உண்மைதான். நாவலூர் ஆபீசுக்குப் போகும் வழியில் வேகத்தடைகளைத் தவிர அதற்குச் சவாலே கிடைக்கவில்லை என்பதும் உண்மை. அதனால் கேஷவ் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருக்களைத் தேடிப் போனான். நல்ல தார்ச் சாலையைப் பார்த்தால் அவனுக்கு முகம் சுருங்கியது. இந்தச் சென்னைப் புறநகரில் ரோடு மோசம் என்று குறைபடாத ஒரே மனிதன் அவனாகத்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு பக்தவச்சலம் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வானிலை அறிக்கையில் ஆரஞ்சு என்ற சொல் வந்த மறுநிமிடம் தன் சின்னக் காரை எடுத்துக்கொண்டுபோய்ப் பெருங்களத்தூர் மேம்பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு, குடை பிடித்துக்கொண்டு நடந்து வருவார். அவர் மட்டுமல்ல, தாழ்வான நகர்களில் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான். புயல் கரையைக் கடப்பதற்குள் பாலத்தின் ஓரம் முழுக்க உறை போட்ட கார்கள் வரிசையாக நிற்கும். போலீஸ் வந்து எடுக்கச் சொல்லும். எடுக்கிறோம் என்பார்கள். அதோடு சரி.

"மாமா, வண்டி வாங்கறது நம்மளைத் தூக்கிண்டு போறதுக்கா, நாம அதைத் தூக்கி மேல வெக்கறதுக்கா?" என்று கேஷவ் கேட்டான். தெருவில் நாலு பேர் இருக்கும்போதுதான் கேட்டான்.

"பாவம்ப்பா, அதுக்கு நீச்சல் தெரியாது" என்றார் பக்தவச்சலம்.

"அப்ப அது வண்டி இல்ல மாமா, ஷோகேஸ் பொம்மை. பாலத்துல கொண்டுபோய் ஒளிச்சு வெக்கறவா கையில ஸ்டியரிங்கே குடுக்கப்படாது."

எதிர்வீட்டுக் குப்புராஜ் இதற்கு வாய்விட்டுச் சிரித்தார். பாரிஜாத நகர் வயலாக இருந்தபோது அதில் பாதி அவருடைய அப்பாவுடையது. இப்போது தாம்பரத்தில் மூன்று கடைகள் வாடகைக்கு விட்டிருந்தார். தெருவிலேயே பழைய வீடு அவருடையது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, வருடத்துக்கு வருடம் தெரு உயர்ந்தது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். மழைக்காலம் வந்தால் குப்புராஜும் மகன் தீனாவும் கேட்டுக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கி, மேலே சிமெண்ட் பூசி, கசிந்து வருவதை வயல்காலத்து டீசல் பம்பு வைத்து இறைத்துவிடுவார்கள். இந்த வருடம் மூட்டை கூடுதலாக ஒரு வரிசை. கார்த்திகையில் மகள் தமிழினிக்குக் கல்யாணம். சீர் சாமான் எல்லாம் கூடத்தில் இருந்தது. அதில் தேக்குக் கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும் குப்புராஜின் மனைவி தையல்நாயகி பம்மலுக்கு நாலு நடை நடந்து, ஆசாரியோடு சண்டை போட்டுச் செய்தவை. மாடியில் அறை இல்லாத வீடு. கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றிவைத்து, மெத்தையை அதன்மேல் போட்டு, பாலிதீன் சுற்றியிருந்தாள்.

"தண்ணி உள்ள வந்துச்சுன்னா என் மானம் பூடும்" என்று தையல்நாயகி விஷ்ணுப்ரியாவிடம் சொல்லியிருந்தாள். "மாப்ள வூட்டம்மா ஒவ்வொண்ணா தொட்டுப் பாக்குற ஆளு."

வரவேற்பு அன்று காலையில்தான் மழை விட்டது. விட்டபிறகுதான் தண்ணீர் வந்தது. ஏரி திறந்துவிட்டார்களாம். மதியத்துக்குள் தெருத் தண்ணீர் முழங்காலைத் தாண்டி, தொடையை நோக்கி ஏறியது. குப்புராஜ் வீட்டு மூட்டைச் சுவரில் தண்ணீருக்கு மேலே இன்னும் நாலு விரல் மிச்சமிருந்தது. கூடம் காய்ந்திருந்தது. மண்டபம் பெருங்களத்தூரில். சொல்லிவைத்திருந்த வேன்காரன் மெயின் ரோட்டிலேயே நின்றுகொண்டு, உள்ளே வரமாட்டேன் என்று போனில் அழுதான்.

குப்புராஜ் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டில் நின்று எதிர்வீட்டைப் பார்த்தார். "சார், அன்னைக்கு மீட்டிங்ல சொன்னீங்களே."

கேஷவ் அப்போதே பேண்ட்டைச் சுருட்டிவிட்டிருந்தான். பிறந்ததிலிருந்தே இந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தவன்போல இறங்கினான். "தீனா, பாத்துக்கோ. தண்ணியில பதறவும் கூடாது, தயங்கவும் கூடாது. ஒரே சீரா போனா மூக்குக்கு முன்னாடி ஒரு அலை எழும்பும். அந்த அலைக்குப் பின்னாடி தண்ணி பள்ளமாகும். இஞ்சின் அந்தப் பள்ளத்துலயே போகும், நனையாது. அலையை விட்டுடாம அது பின்னாடியே போறதுதான் ஓட்டறவன் சாமர்த்தியம்."

"சூப்பர்ணா" என்றான் தீனா. அவன் கண் மூட்டை மேல் இருந்தது.

தமிழினியையும் அவள் தோழிகளையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. சொன்னபடியே எல்லாம் நடந்தது. நான்கு சக்கரமும் தரையைக் கவ்வின. இஞ்சின் குரலை உயர்த்தவே இல்லை. எங்கே குழி, எங்கே திறந்த சாக்கடை என்று தெரியாத பழுப்புத் தண்ணீரில், ஒரு பக்கச் சக்கரம் எதிலோ இறங்கியபோது வண்டி ஒரு கணம் யோசித்தது, பிறகு மற்ற மூன்று கால்களால் தன்னைத் தூக்கிக்கொண்டது. பின்சீட்டில் பெண்கள் வீறிட்டார்கள், பிறகு கைதட்டினார்கள். தமிழினி, "அண்ணா, மேக்கப்கூட கலையல" என்றாள். இதைவிடப் பெரிய சான்றிதழை எந்தச் சோதனை மையமும் கொடுக்க முடியாது என்று கேஷவுக்குத் தோன்றியது. மாடிகளில் நின்றவர்கள் போனில் படம் பிடித்தார்கள். அவன் அது பிடிக்காதவன்போல முகத்தை வைத்துக்கொண்டான்.

இரண்டாம் நடை அத்தைகளுக்கு. மூன்றாம் நடைக்குத் திரும்பி வரும்போது தெருமுனையிலேயே அலை அழகாக எழும்பிவிட்டது. கேட்டை ஒட்டி நிறுத்த வேண்டும் என்பதற்காகச் சுற்றுக் காமிராவைப் போட்டான். வண்டியை மேலிருந்து பார்ப்பதுபோலத் திரையில் காட்டும் சங்கதி அது. சின்னக் கறுப்புப் பெட்டி பழுப்பு நீரில் மிதந்து வந்தது. திரையின் இடது ஓரத்தில் இரண்டு தலைகள் தெரிந்தன.

குப்புராஜும் தீனாவும் மூட்டைச் சுவருக்குப் பின்னால் நின்று, குளியலறைக் கதவு ஒன்றைக் கழற்றி வந்து குறுக்கே வைத்து, தோள் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். கேஷவ் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. பிரமாதமான பிரேக். அலை நிற்கவில்லை. அது அவனை விட்டுவிட்டுத் தன்பாட்டுக்குப் போய், கதவின் மேல் ஏறி, குப்புராஜின் மார்பில் அடித்து, இரண்டு படி இறங்கி வீட்டுக்குள் போனது. நாலு விரல் மிச்சம் இருந்த இடத்தில் சிமெண்ட் பெயர்ந்து கிடந்தது. அது இந்த நடையில் பெயர்ந்ததல்ல. குப்புராஜ் ஒரு கையால் கதவைப் பிடித்தபடியே இன்னொரு கையைத் தூக்கி வண்டிக்கு ஒரு சல்யூட் வைத்தார். சிரித்துக்கொண்டுதான் வைத்தார்.

தையல்நாயகி தாம்பாளத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வந்தாள். பட்டுப்புடவை முழங்கால் வரை கறுத்திருந்தது. ஏறாமல் நின்றாள்.

"சீட்டு நனைஞ்சிடும் சார். எதுனா கவர் கீதா?"

"ஏறுங்கக்கா. பரவால்ல." அவன் அவள் தோளுக்கு மேலே வீட்டைப் பார்த்தான். "உள்ள... தண்ணி..."

"தண்ணி வராம இன்னா பண்ணும் சார்? மழை." அவள் ஏறி உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீங்க மட்டும் இல்லன்னா எம்பொண்ணு மேடை ஏறிக்காது. அத நெனச்சிக்கினேன், மத்தது இன்னா, மரம்தான."

குப்புராஜும் ஏறிக்கொள்ள, மண்டபத்துக்குத் திரும்பும்போது கேஷவ் அலை எழும்பாத வேகத்தில் ஓட்டினான். புத்தகப்படி அது தப்பு. பள்ளம் இல்லாமல் தண்ணீர் நேராக இஞ்சின்மேல் ஏறியது, எங்கோ பெல்ட் கிறீச்சிட்டது. வண்டி அதற்கும் ஈடு கொடுத்துப் போனது. அதில்கூட ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

மண்டபத்தில் குப்புராஜ் அவனைக் கையைப் பிடித்துக்கொண்டுபோய் ஒவ்வொருவரிடமும் காட்டினார். "இவரு இல்லன்னா இன்னைக்கு பேஜாராப் பூட்டிருக்கும். வண்டியா அது, கப்பல்!" முதல் பந்தியில் முதல் இலை அவனுக்கு. பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் அம்மா. கட்டில் எப்போது வரும் என்று அவள் கேட்டதும், பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த குப்புராஜ் நிமிர்ந்து, "பாலிஷ் காயலம்மா. ஆசாரி இழுத்தடிக்கிறான்" என்றார். வாளியை அடுத்த இலைக்கு நகர்த்தினார். கேஷவின் இலையைத் தாண்டும்போது அவனுக்கு மட்டும் இரண்டு கரண்டி.

மெத்தை எதிர்வீட்டு மொட்டை மாடியில் நாள்கணக்காகக் காய்ந்தது. பஞ்சு கட்டிதட்டிப் போயிருந்தது. தையல்நாயகி அதைக் கம்பால் அடிக்கும் சத்தம் கேஷவின் படுக்கையறைக்குக் கேட்கும். கட்டிலின் கால்கள் வெளுத்துப் பிளந்திருந்தன. ஆசாரி புதுக்கால் போட வேண்டும் என்று சொல்லிவிட்டான். சங்கத்தின் வாட்சப் குழுவில் வண்டியின் வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ அதற்குப் பாட்டுப் போட்டிருந்தார்கள்.

மார்கழி பிறக்கும் முன் இன்னொரு புயல் சொன்னார்கள். இந்த முறை சிவப்பு. "நம்ம தெருவுக்குக் கவலையில்லை, கேஷவ் சார் இருக்கார்" என்று செயலாளர் குழுவில் எழுதினார். அதற்கு நிறையக் கைகூப்பல்கள் வந்தன.

பால் பாக்கெட் வருவதற்கு முன்பே கேஷவ் சாவியை எடுத்தான். "டீசல் போட்டுண்டு வந்துடறேன்."

நேற்றுத்தான் டாங்க்கை நிரப்பினான் என்பது விஷ்ணுப்ரியாவுக்குத் தெரியும். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "வரும்போது நடந்து வரணும். குடை எடுத்துக்கோ" என்றாள்.

பாலத்தின்மேல் ஏற்கெனவே வரிசை பிடித்துவிட்டார்கள். பக்தவச்சலத்தின் சின்னக் கார் மழைக்கு உறை போர்த்திக்கொண்டு ஓரமாக இருந்தது. அதன் பின்னால் இருந்த இடத்தில் இந்த வண்டியை நுழைக்க, முன்னும் பின்னுமாக நகர்த்தி நகர்த்தி வியர்த்துவிட்டது. அப்படியும் பின்பக்கம் ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ஆட்டோவுக்குத் தார்பாய் கட்டிக்கொண்டிருந்தவர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், இம்மாம் பெரிய வண்டி. இதுக்குமா தண்ணின்னா பயம்?"

"பயமெல்லாம் இல்ல" என்றான் கேஷவ். "கொஞ்சம் ஜலதோஷம்."

அவன் தெருமுனைக்கு வந்து சேர்ந்தபோது தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. குப்புராஜ் வீட்டு வாசலில் புது மூட்டைகள். ஈர சிமெண்டின் பூச்சு இன்னும் கறுப்பாக இருந்தது. உள்ளே டீசல் பம்பு இருமி இருமிக் கிளம்பியது. தீனா மூட்டைக்கு மேலே தலையை நீட்டினான்.

"அண்ணா, வண்டி எங்க?"

"வெளிய விட்டிருக்கேன். எதாவது அவசரம்னா சொல்லு, நடந்துபோய் எடுத்துண்டு வரேன். தெருமுனையில நிறுத்தறேன், உள்ள வேண்டாம்."

தீனா தலையாட்டிவிட்டுப் பம்புப் பக்கம் போனான்.

கேஷவ் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். கால் வைத்த இடத்திலிருந்து ஒரு சின்ன வளையம் கிளம்பி, விரிந்துகொண்டே போய், மூட்டையைத் தொட்டு, ஈர சிமெண்டில் கொஞ்சம் ஏறி இறங்கியது. அவன் நின்றான். தண்ணீர் அமைதியாகும்வரை நின்றிருந்து, தரையை விட்டு எடுக்காமல் பாதத்தைத் தேய்த்து, அடுத்த அடியை வைத்தான்.