சாக்பீஸ் வட்டத்துக்குள் மச்சான்

ஒரு சாக்பீஸ் துண்டால் ஒரு தொழிற்சாலையைக் காப்பாற்றியவன் நான். அதுவும் பாதித் துண்டு. மீதிப் பாதியைக் கேட்டிருந்தால் பக்கத்துத் தொழிற்சாலையையும் காப்பாற்றிக் கொடுத்திருப்பேன், கேட்கத்தான் ஆளில்லை.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் மரியாதைக்காவது தலையாட்டினார்கள். என் மனைவி மட்டும் ஆட்டவில்லை. தொழிற்சாலையைக் காப்பாற்றினேன் என்பதைக்கூட ஒப்புக்கொண்டாள். அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், ஒரு காலைப்பொழுது முழுக்க வாயைத் திறக்காமல் நின்றான் என்பதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

"நாய் வாலை நிமிர்த்தினேன்னு சொல்லுங்க, நம்பறேன்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அவன் பிறந்து அழுத முதல் அழுகையில் ஆஸ்பத்திரி ஜன்னல் விரிசல் விட்டதாக என் மாமியாரே சொல்லியிருக்கிறார். குடும்பத்தில் அவனுக்குப் பெயர் ஒலிபெருக்கி.

பிளாஸ்க் செய்யும் தொழிற்சாலையில் இந்த ஒலிபெருக்கிதான் மூடிப் பிரிவுக்கு மேலாளர். மூடிகள் ஒழுகின. பைக்குள் பிளாஸ்க் வைத்தவர்கள் குடிக்கும் முன்னே பை தேநீர் குடித்தது. சரக்கு திரும்பி வந்தது. இன்னொரு லோடு திரும்பினால் மூடியை வெளியே வாங்கிக்கொள்வோம், பிரிவை இழுத்து மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மச்சானுக்கு வேலை போகும். அவனோடு அந்தப் பிரிவே வீட்டுக்குப் போகும்.

நான் அப்போது நிறுவனங்களுக்குத் தரமேம்பாட்டுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அத்தான் என்று தெரிந்தும் என்னைக் கூப்பிட்டார்கள். நிலைமை அவ்வளவு முற்றியிருந்தது.

வகுப்பில் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"அத்தான், நீங்க பாடம் நடத்தினா மூடி ஒழுகாம நிக்குமா? ரப்பர் மட்டம். ஆளுங்க அதைவிட மட்டம். தினம் சுத்திச் சுத்தி வந்து கத்தறேன், அப்பவே இந்த லட்சணம்!"

"கத்தாம ஒரு நாள் நின்னு பார்த்திருக்கியா?"

"எதுக்கு?"

"பார்க்கத்தான்."

தளத்துக்கு அழைத்துப்போய், மூடிக்குள் ரப்பர் வளையம் மாட்டும் மேசைக்கு எதிரே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன். "உள்ளே நில்லு. பேசாதே, கை காட்டாதே, எதையும் சரிசெய்யாதே. காரணம் மீட்டிங் ரூம்ல உட்கார்ந்திருக்காது. வேலை நடக்கிற இடத்துலதான் நின்னுக்கிட்டிருக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"பார்க்கத் தெரியற வரைக்கும்."

நின்றான். காது சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அடக்கிய பேச்சின் அழுத்தத்தில் சட்டைப் பொத்தான் தெறித்து எதிர்ச்சுவரில் மோதியதை என் கண்ணால் பார்த்தேன். சுவரில் பள்ளம் இன்னும் இருக்கும்.

வளையம் மாட்டும் அம்மா அவனைக் கண்டதும் பறந்தார். வளையத்தைப் போட்டு, ஒரு தட்டு தட்டி, தள்ளிவிட்டார். மற்றவர்களும் அப்படித்தான். ஆனால் கத்தாத மேலாளர் தூணுக்குச் சமம். தூணுக்கு எவ்வளவு நேரம் பயப்படுவது? மெல்ல அவனை மறந்தார்கள். அந்த அம்மா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே, கட்டைவிரலால் வளையத்தைச் சுற்றிலும் நிதானமாக அமுக்கினார்.

அப்போது மச்சான் தும்மினான். கூரைத் தகடு அதிர்ந்தது. பாட்டு நின்றது. கட்டைவிரலும் பாதிச் சுற்றில் நின்றது. மறுபடி தட்டு, தள்ளு.

மச்சானின் கண் விரிந்தது. குனிந்து தன் கால்களைப் பார்த்தான். எல்லாரும் அடங்கிப் பாட்டு திரும்பும்வரை காத்திருந்து, வேண்டுமென்றே ஒரு தடவை இருமினான். கட்டைவிரல் மறுபடி நின்றது.

வட்டத்தை விட்டு வெளியே வந்தவன், இருமலுக்கு முந்தின மூடிகளையும் பிந்தின மூடிகளையும் தனித்தனியாக எடுத்து, பிளாஸ்க்குகளில் தண்ணீர் நிரப்பி மூடித் தலைகீழாக நிறுத்தினான். முந்தினவை கல்லாக நின்றன. பிந்தினவை சளி பிடித்த மூக்காய் ஒழுகின.

"ரப்பர் இல்ல, அத்தான். ஆளுங்களும் இல்ல. நான்தான்."

"ஏன்?"

"நான் வந்தா அவசரப்படறாங்க."

"ஏன்?"

"மெதுவா செஞ்சா கத்துவேனே."

"ஏன் கத்தறே?"

"கை பறந்தாதான் வேலை நடக்குதுன்னு நினைச்சேன். போதும் அத்தான், இன்னொரு ஏன் கேட்டா அழுதுடுவேன்."

அன்றே புது வழக்கம் வந்தது. கட்டைவிரல் முழுச்சுற்று வராமல் மூடி கைமாறக் கூடாது. மாறினால் யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம்; மேலாளர் உட்பட ஒருவரும் சத்தம் போடக் கூடாது.

"அம்மா, இனிமே என்னைப் பார்த்தாலும் நிதானமாவே செய்யுங்க" என்றான்.

"சார், உடம்பு சரியில்லையா?" என்று அந்த அம்மா உண்மையான கவலையோடு கேட்டார்.

அடுத்த லோடு போனது. ஒரு மூடிகூடத் திரும்பவில்லை. பதிலுக்குப் புது ஆர்டர்தான் வந்தது. பிரிவு பிழைத்தது. அந்தச் சேதியைச் சொல்ல ஒலிபெருக்கி எங்கள் வீட்டுக்கு வந்தான். சொன்னான், சாதாரணக் குரலில். அப்போதே என் மனைவி ஒரு மாதிரி பார்த்தாள். இருந்தாலும் அசையவில்லை.

தேநீருக்கு அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பி நின்று கோப்பைகளைத் துடைத்தாள். வழக்கமாக அவன் வாசற்படியில் நின்றே அவளுடைய சமையலறையை ஆள்வான்: "அக்கா, அடுப்பைக் குறை! அக்கா, கரண்டி எங்கே!" அன்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பால் எழும்பியது. நான் அவனைப் பார்த்தேன். அவன் பாலைப் பார்த்தான். பால் விளிம்பைத் தாண்டி அடுப்பில் சுர்ரென்று இறங்கியது.

"டேய்! கண்ணெதிர்லதானே பொங்குது, வாயைத் திறந்து சொன்னா என்னடா?"

"பார்த்துக்கிட்டிருந்தேன்க்கா."

அவள் அடுப்பைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். துடைத்த துணி கையிலேயே இருக்க, என் பக்கம் திரும்பினாள்.

"சரிங்க. நீங்க சொன்னது நடந்துதான் இருக்கு."