அலையில்லாத இடம்

கமர்ஷியல் தெருவில் குடை விற்கிறவனுக்குக் கடலோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தி நாலில் குடைக்காம்புக்குப் பிரம்பு வாங்கக் கார்வார் பக்கம் போனேன். பேரம் படியவில்லை; ஒரு கடற்கரையைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு கரும்பாறைகளுக்கு நடுவே பிறை போல வெள்ளை மணல். இரண்டு மைலுக்கு ஒரு குடிசை கிடையாது, கூப்பிட்டால் வர ஒரு படகு கிடையாது. இருபுறமும் அலை ஆள் உயரம் எழுந்து உடையும். நடுவில் மட்டும் ஒரு பட்டை, நுரையில்லாமல், பச்சையாக. கரையில் மோதிய தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. அதில் ஒரு தென்னை மட்டையைப் போட்டேன். பீடி ஒன்று தீர்வதற்குள் பாறைகளைத் தாண்டிப் போய்விட்டது.

இரண்டு வருஷம் கழித்து, ஒருநாள் கடை திறந்த கையோடு டென்சில் வந்தான். அல்சூரில் வாத்தியார், கல்யாணமாகிப் பத்து நாள். வெளியே ஜட்கா வண்டியில் அவன் மனைவி மௌரீன்.

"செட்டியாரே, அழகா இருக்குன்னு சொன்னீங்களே, அந்த பீச்சுக்குத்தான் போறோம். பெரிய குடையா குடுங்க. அங்க அலை ஜாஸ்தியோ?"

கடைக்காரர்கள் எங்களுக்குள் ஒரு வழக்கம். போணி ஆகும்வரை வாயில் கெட்ட சொல் வரக்கூடாது. சரக்கின் குறையைக்கூட முதல் காசு கைக்கு வந்தபிறகுதான் சொல்வோம்.

"நடுவுல ஒரு எடம் சார், நம்ம அல்சூர் ஏரி மாதிரி அமைதியா இருக்கும்," என்றேன். பொய்யில்லை. மீதியைப் போணிக்கு அப்புறம் சொல்லலாம்.

"இந்தக் குடைக்குள்ள ரெண்டு பேர் நிக்க முடியுமா?"

"புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு இதுல பாதியே போதும் சார்."

சிரித்துக்கொண்டே காசை வைத்தான். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தால், ஆள் ஜட்காவில்.

"ரயிலுக்கு நேரமாச்சு செட்டியாரே!"

தெருவில் இறங்கினேன். கத்திக் கூப்பிட்டிருக்கலாம். அதற்குள் அடுத்த கிராக்கி வாசலில் நின்றார். படித்தவன், பார்த்து இறங்குவான் என்று திரும்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, அதே காலை நேரத்தில் மௌரீன் மட்டும் வந்தாள். கறுப்பு உடை.

"அலையில்லாத எடமாப் பாத்துத்தான் எறங்கினார். 'செட்டியார் சொன்னது இதான்'னு சிரிச்சார். இழுத்துட்டே போயிடுச்சு. எவ்ளோ கத்தினேன், ஒருத்தர் இல்ல. அது இழுக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அன்றைக்கும் போணி ஆகவில்லை.

"தெரியும்மா," என்றேன்.

"பின்ன ஏன் சொல்லல?"

காரணத்தைச் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னபோது எனக்கே கூசியது. அவள் குடைகளைப் பார்த்தபடி கேட்டாள்.

"அன்னிக்கு வியாபாரம் நல்லா நடந்துச்சா?"

நன்றாகத்தான் நடந்திருந்தது.