இருபது மணி நேரம்

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் நாலு மணி நேரம். தூரம் இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். அதை என் அப்பாவிடம் இருபது மணி நேரம் என்று சொன்ன யோக்கியன் நான்தான்.

போன வருடம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன். "ஒரு எட்டு வந்துட்டுப் போடா குமரகுரு. அம்மா உன் பேரையே சொல்லிக்கினு இருக்குது" என்று அப்பா போனில் கெஞ்சினார். அந்த வாரம் ஆபீஸ் நண்பர்களோடு கடற்கரைக்குப் போக ரூம் போட்டிருந்தேன். "நடுவுல ரெண்டு ஊர்ல எறங்கி ஏறணும்பா. இருபது மணி நேரம் ஆவும், லீவு பத்தாது" என்று வாய் கூசாமல் அளந்துவிட்டேன்.

"ஐயோ, அவ்ளோ தூரமா! வாணாம்பா, ஒடம்பக் கெடுத்துக்காத" என்றார் அப்பா. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் கடலில் குளித்தேன்.

இந்த மாதம்தான் ஊருக்கு வந்தேன். மறுநாள் காலை பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் தறிக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழை, இரண்டு பக்கமும் ஆட்கள், ஒரு முனையில் அப்பா. எதிர்வீட்டு சிட்டிபாபு மாமா தன் மகளைப் பார்க்கக் கோலாலம்பூர் போய்த் திரும்பியிருந்தார். பேச்சு அங்கே போனது.

"அது இன்னாப்பா தூரம்? இங்க டிபன் துன்னுட்டு ஏறுனா அங்க மத்தியான சோறு. நாலே மணி நேரம்!" என்றார் மாமா.

அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "யார்கிட்ட கத வுடற? எம்புள்ள இருபது மணி நேரம் குந்திக்கினே வந்துருக்கான். அவங்கம்மா ஆபரேஷனுக்கே அவனால வர முடியல, தெரியுமா?"

"பஞ்சாட்சரம், உனுக்கு நல்லா காது குத்திட்டாம்பா!" என்று யாரோ சொல்ல, தெருவே சிரித்தது. சிட்டிபாபு மாமா செல்போனை எடுத்துத் தட்டினார். அப்பாவின் முகம் சிவந்தது.

"குமரகுரு, நீயே சொல்லுப்பா இவுங்களுக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் அம்மாவும் நின்றிருந்தாள்.

"நான் வர்ற ஃப்ளைட்டு சுத்திக்கினு வருது மாமா" என்றேன்.

மாமா செல்போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அப்டியும் இருக்குதுப்பா. எனுக்குத்தான் தெரியல." செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"பாத்தியா!" என்று அப்பா தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

மத்தியானம் தைலத்தோடு வந்து என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "வுடுப்பா" என்று இழுத்தேன். விடவில்லை.

"சும்மா இருடா. தறிக்குழியில கால வுட்டுக் குந்தறவன் நான். எனுக்குத் தெரியாதா அந்த வலி?" தேய்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன் கேளு. நாளைக்கு எனுக்கு ஒண்ணுன்னா நீ அடிச்சிப் புடிச்சி ஓடி வராத. இருபது மணி நேரம் பொணத்தப் போட்டு வெக்க முடியாது. உங்க பெரியப்பா மவன் முத்துக்குமார்கிட்ட சொல்லிட்டேன், அவன் கொள்ளி போட்டுடுவான். நீ மனசுல வெச்சிக்காத."

"நாலு மணி நேரந்தாம்பா" என்றேன்.

அப்பாவின் கை நின்றது. என் காலை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினார்.

"மெல்லப் பேசுடா" என்றார். "வெளிய கேக்கப் போவுது."